ஆங்கிலத்தின் ‘ஐம் இன்டு’வை இத்தாலியனில் எப்படிச் சொல்வது?

இத்தாலிய மொழியின் தொடக்கப் பாடங்களை முடித்த ஒருவரின் கேள்வி இது. ஆங்கிலத்தில் ‘ஐம் இன்டு ஃபோட்டோகிராஃபி’ (எனக்குப் புகைப்படக் கலையில் ஈடுபாடு), ‘ஃபுட்பால் இஸ் நாட் மை கப் ஆஃப் டீ’ (கால்பந்து எனக்கு ஒத்துவராது), ‘தட்ஸ் ரைட் அப் மை ஸ்ட்ரீட்’ (அது எனக்கென்றே அமைந்தது) என்றெல்லாம் தம் விருப்பங்களை இயல்பாகச் சொல்லிவிட முடிகிறது. அவற்றையே அகராதி பார்த்து இத்தாலியனில் எழுதினால், ஒன்று அலுவலகக் கடிதம்போல விறைப்பாக வருகிறது. இல்லையென்றால் படிக்கிற இத்தாலியருக்குப் புரியாமல் போகிறது. நண்பர்களிடம் பேசும் தொனியில் இவற்றை எப்படிச் சொல்வது?

என் பதிலின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ் தெரிந்த ஒருவர் இந்த இடத்தில் ஆங்கிலத்தின் வழியாக இத்தாலியனுக்குப் போகவே கூடாது. சொல்ல வந்ததை முதலில் தமிழில் நினைத்துப் பாருங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

ஆங்கிலம் விருப்பத்தைச் சொல்லும்போது ‘நான்’ என்று தொடங்குகிறது. நான் விரும்புகிறேன், நான் அதற்குள் இருக்கிறேன், நான் அதன் ரசிகன். தமிழில் நாம் ‘எனக்கு’ என்றுதான் தொடங்குகிறோம். எனக்கு இசை பிடிக்கும். இத்தாலியனும் அப்படியே. ‘மி பியாச்சே லா மூசிக்கா’ என்பதில் ‘மி’ என்றால் எனக்கு, இசைதான் எழுவாய். ஆங்கிலேயர்களும் அமெரிக்கர்களும் இத்தாலியன் கற்கும்போது தடுமாறும் முதல் பெரிய இடம் இது. நமக்கு அது தாய்மொழி வழக்கமாகவே இருக்கிறது.

ஒரு வேறுபாட்டை மட்டும் கவனிக்க வேண்டும். தமிழில் ‘பிடிக்கும்’ மாறுவதில்லை. பூனை என்றாலும் பூனைகள் என்றாலும் பிடிக்கும்தான். இத்தாலியனில் பிடித்த பொருள் பன்மையானால் வினையும் பன்மையாகும்: ஒரு பூனை என்றால் ‘மி பியாச்சே’, பல பூனைகள் என்றால் ‘மி பியாச்சொனோ’. செயலைச் சொன்னால் எத்தனை செயலை அடுக்கினாலும் ஒருமையே. வாசிப்பதும் பயணம் செய்வதும் பிடிக்கும் என்பதற்கு ‘மி பியாச்சே லெஜ்ஜெரே எ வியஜ்ஜாரே’ என்றால் போதும். இறந்தகாலத்தில் பிடித்த பொருளின் பாலும் எண்ணும் வினைமுடிவில் தெரியும். ‘ஃபில்ம்’ ஆண்பால், எனவே ‘மி எ பியாச்சூத்தோ’. கண்காட்சியைக் குறிக்கும் ‘மோஸ்த்ரா’ பெண்பால், எனவே ‘மி எ பியாச்சூத்தா’.

இதே அமைப்பில் ஒரு பொறியும் இருக்கிறது. ‘மி பியாச்சி’ என்றால் ‘எனக்கு உன்னைப் பிடித்திருக்கிறது’ என்று பொருள். காதல் சாயல் கொண்ட சொல். ஒருவருடைய எழுத்தையோ சமையலையோ பாராட்ட நினைத்து அவரையே எழுவாயாக்கிவிட்டால் பேச்சு வேறு திசையில் போய்விடும்.

உரையாடலில் உடனே பயன்படும் இன்னொன்று: யாராவது ‘மி பியாச்சே’ என்று சொன்னால், ஆங்கில ‘மீ டூ’வை நினைத்துப் பலரும் ‘ஆன்கீயோ’ என்று பதில் சொல்லிவிடுகிறார்கள். அது ‘நானும்’. இங்கே வேண்டியது ‘எனக்கும்’, அதாவது ‘ஆன்கே ஆ மே’. பிடிக்காது என்பதற்கு ‘எனக்கும் பிடிக்காது’ என்று ஒத்துப்போக ‘நெயான்கே ஆ மே’. ‘எனக்கு அப்படியில்லை’ என்று மறுக்க ‘ஆ மே நோ’. தமிழில் ‘எனக்கும்’ என்று வரும் இடத்தில் இத்தாலியனிலும் அதுவே வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘மி பியாச்சே’ போல ‘எனக்கு’ என்று தொடங்கும் வாக்கியங்களுக்குப் பதில் சொல்லும்போது இது தவறுவதில்லை.

(இங்கே தமிழ் எழுத்தில் தரும் உச்சரிப்பு நினைவுக்குத் துணை மட்டுமே. வல்லொலி மெல்லொலி வேறுபாட்டைத் தமிழ் எழுத்து முழுதாகக் காட்டாது. இத்தாலியர் பேசுவதை ஒருமுறை காதால் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.)

இனி ‘ஐம் இன்டு’. ஆங்கிலத்தின் இந்தத் தொடர் எதையும் தாங்கும். ஜாஸ், தோட்டம், சதுரங்கம், ஃபார்முலா பந்தயம் என எதைப் பின்னால் வைத்தாலும் பொருந்தும்; எவ்வளவு ஆழமான ஈடுபாடு, அதில் என்ன செய்கிறீர்கள் என்பதைச் சொல்லாமலே விட்டுவிடலாம். இத்தாலியனில் அப்படி ஒரு பொதுச் சாவி கிடையாது. அங்கே இயல்பான பேச்சு பெரும்பாலும் செயலைச் சொல்லும். ஜாஸ் கேட்பவர் ‘அஸ்கோல்தோ தான்தோ ஜாஸ்’ என்பார், நிறைய ஜாஸ் கேட்கிறேன் என்று. பந்தயம் பார்ப்பவர் ‘சேகுவோ லா ஃபோர்முலா ஊனோ’ என்பார். ‘சேகுவோ’ என்றால் பின்தொடர்கிறேன், விடாமல் கவனித்துவருகிறேன். ஆங்கிலத்தில் டென்னிஸுக்கும் பியானோவுக்கும் ஒரே ‘பிளே’தான். இத்தாலியனில் டென்னிஸுக்கு ‘ஜோக்கோ’, பியானோவுக்கு ‘சுவோனோ’. நாம் விளையாடுகிறோம், வாசிக்கிறோம் என்று பிரிப்பதுபோலவே இத்தாலியரும் பிரிக்கிறார்கள். இங்கேயும் ஆங்கிலத்தை நடுவில் நிறுத்தாமல் இருந்தால் பிழை வராது.

‘வாட் ஆர் யூ இன்டு?’ என்ற கேள்விக்கும் இது பொருந்தும். ‘கே கோசா தி பியாச்சே ஃபாரே நெல் தெம்போ லீபெரோ?’ (ஓய்வு நேரத்தில் என்ன செய்யப் பிடிக்கும்?) என்று கேட்பதுதான் வழக்கம். பேச்சு இசையைப் பற்றி என்றால் ‘கே மூசிக்கா அஸ்கோல்தி?’ (என்ன இசை கேட்பாய்?) என்று நேராகக் கேட்டுவிடுவார்கள்.

ஈடுபாடு உண்மையிலேயே ஆழமானது என்றால் ‘சோனோ அப்பஸ்ஸியொனாத்தோ தி...’ நல்ல தொடர். பெண் பேசினால் ‘அப்பஸ்ஸியொனாத்தா’. சினிமாவில் தீவிர ஆர்வம் என்பதற்கு ‘சோனோ அப்பஸ்ஸியொனாத்தோ தி சீனெமா’. ஆங்கிலத்தில் ‘பேஷனேட்’ என்ற சொல் வேலை விண்ணப்பங்களில் புழங்கிப் புழங்கித் தேய்ந்துவிட்டது. இத்தாலியச் சொல்லில் அந்தத் தேய்வு இல்லை. மலையேற்றத்தையோ வரலாற்றையோ நேசிக்கும் சாதாரண மனிதர் தம்மைப் பற்றிச் சொல்லும் சொல் அது. ‘ஹிஸ்டரி பஃப்’ போன்ற ஆங்கிலத் தொடர்களுக்கும் இதுவே போதும்: ‘உன் அப்பஸ்ஸியொனாத்தோ தி ஸ்தோரியா’. ஆர்வம் புதிதாகத் துளிர்த்தது என்றால் முன்னிடைச்சொல் மாறும்: ‘மி சோனோ அப்பஸ்ஸியொனாத்தோ அல்லா ஃபோதோகிரஃபீயா’.

தவிர்க்க வேண்டியது ‘சோனோ இன்தெரெஸ்ஸாத்தோ’. ஆங்கில ‘இன்ட்ரஸ்டட்’ போலவே ஒலிப்பதால் கை தானாக அதைத்தான் எழுதும். ஆனால் ஒரு வீட்டை வாங்கவோ ஒரு வேலைக்கு விண்ணப்பிக்கவோ எண்ணமிருக்கிறது என்ற சாயல்தான் அதில் முன்னால் நிற்கும். போதாக்குறைக்கு, ‘இன்தெரெஸ்ஸாத்தோ’ என்ற சொல்லுக்குச் சுயலாப நோக்கம் கொண்ட என்ற பொருளும் உண்டு. ‘உன் கொன்சீல்யோ இன்தெரெஸ்ஸாத்தோ’ என்றால் சொல்பவர் தம் ஆதாயத்தை மனத்தில் வைத்துக் கொடுக்கும் ஆலோசனை. அதே வேரிலிருந்து நமக்கு வேண்டியது ‘மி இன்தெரெஸ்ஸா’ (எனக்கு அதில் ஆர்வம் உண்டு, மறுபடியும் ‘எனக்கு’). சற்றே படிப்பாளித் தொனியில் ‘மி இன்தெரெஸ்ஸோ தி அஸ்த்ரோனொமீயா’ என்றும் சொல்லலாம். வானியலைத் தொடர்ந்து கற்றுவருகிறேன் என்ற பொருள் அதில் இருக்கிறது.

அளவைக் கூட்ட வேண்டிய இடத்தில் இத்தாலியன் வளமான மொழி. ‘ஐம் கிரேஸி அபவுட்’ என்பதற்கு ‘வாதோ மாத்தோ பெர்...’ (பெண்ணுக்கு மாத்தா) நேரடி இணை. ‘மாத்தோ’ என்றால் பைத்தியம். அவனுக்குக் கிரிக்கெட் பைத்தியம் என்று நாம் சொல்லும் அதே எண்ணம்தான். உணவு, பாட்டு, தொடர்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ‘மி பியாச்சே’வோடு ஒட்டிக்கொள்ளும் அளவுச் சொற்களும் உண்டு. ‘உன் சாக்கோ’ என்றால் ஒரு மூட்டை, அதாவது ஏராளமாக. ‘தா மொரீரே’ என்றால் சாகும் அளவுக்கு. இசை என்றால் எனக்கு உயிர் என்று நாம் உயிரை வைத்துச் சொல்வதை இத்தாலியர் சாவை வைத்துச் சொல்கிறார்கள். இரண்டிலும் வெளிப்படும் வேகம் ஒன்றுதான். ஆங்கிலம் பேசுவோருக்கு ‘தா மொரீரே’ மிகையாகத் தோன்றலாம். தமிழருக்கு அப்படித் தோன்ற எந்தக் காரணமும் இல்லை.

‘ஐ லவ்’ என்பதைப் பொருள்களுக்குச் சொல்லும்போது ‘அதோரோ’ மிக இயல்பானது. ‘ஆமோ’வும் தவறில்லை, ‘ஆமோ இல் மாரே’ (கடலை நேசிக்கிறேன்) அழகான வாக்கியம்தான், சற்றே கவித்துவத் தொனியோடு. மனிதரிடம் வரும்போது ‘தி ஆமோ’ காதலருக்கு உரியது. நண்பருக்கும் பெற்றோருக்கும் ‘தி வோல்யோ பேனே’.

ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கும் நிலையை ஆங்கிலத்தில் ‘ஹூக்டு’ அல்லது ‘அப்செஸ்டு’ என்பார்கள். இளைஞர்கள் இத்தாலியனில் அதை ‘சோனோ இன் ஃபிஸ்ஸா கோன்...’ என்கிறார்கள். ‘ஃபிஸ்ஸா’வின் வேர் ‘பதிந்துவிட்ட’, ‘அசையாத’ என்ற பொருளுடையது. அதே வேரில் ‘கியோதோ ஃபிஸ்ஸோ’ என்ற பழந்தொடரும் உண்டு; அசையாமல் அடித்த ஆணி என்று பொருள். மனத்தை விட்டு அகலாத ஒன்றைக் குறிப்பது அது.

எனக்கு மிகவும் பிடித்தது ‘பல்லீனோ’. இத்தாலியின் போச்சே ஆட்டத்தில் மற்றப் பந்துகளெல்லாம் நெருங்க முயலும் சிறு குறிப்பந்தின் பெயர் அது. ஒருவருக்கு மோட்டார்களில் தீராத ஆர்வம் என்றால் ‘ஆ இல் பல்லீனோ தேய் மோத்தோரி’ (அவருக்கு மோட்டார்களின் பல்லீனோ இருக்கிறது) என்பார்கள். ஆங்கிலத்தில் ‘ஹி ஹேஸ் எ திங் ஃபார்’ என்று சொல்லும் இடத்தில் இது மிக நன்றாக உட்காரும். சில சூழல்களில் ‘இயல்பான திறமை’ என்ற பொருளும் சேர்ந்து வரும். பாடநூல்களில் இதை அதிகம் காண முடிவதில்லை. பேச்சில் சரியான இடத்தில் வைத்தால் எதிரில் இருப்பவர் முகம் மலரும்.

‘ஃபேன்’ என்ற ஆங்கிலச் சொல்லை இத்தாலியரும் பயன்படுத்துகிறார்கள், பாடகருக்கும் நடிகருக்கும். விளையாட்டு அணிக்கு வரும்போது ‘திஃபோசோ’. ‘தீஃபோ’ என்பது டைஃபஸ் என்னும் கொடிய காய்ச்சலின் பெயர். அணிமேல் கொண்ட வெறிக்கும் அதுவே பெயராகிவிட்டது. எந்த அணியின் ஆதரவாளர் என்று சொல்ல ‘தீஃபோ பெர் லா ரோமா’ போன்ற வாக்கியம் போதும். அங்கே ‘தீஃபோ’ வினைச்சொல், ‘நான் ஆதரிக்கிறேன்’ என்று பொருள். ஒரு பாடகிக்குத் தம்மைத் ‘திஃபோசோ’ என்று சொல்லிக்கொள்வது ஒட்டாது. திரைப்படத்துக்குச் ‘சினேஃபிலோ’ என்றும், செவ்விசைக்கும் ஆபரா என்னும் இசைநாடகத்துக்கும் ‘மெலோமனே’ என்றும் தனித்தனிச் சொற்கள் உள்ளன. மிலானின் லா ஸ்காலா அரங்கில் மேல்மாடத்து மலிவு இருக்கைகளுக்கு ‘லொஜ்ஜோனே’ என்று பெயர். அங்கிருந்து பாடுபவரைக் கறாராக எடைபோடும் ரசிகர்களுக்கு ‘லொஜ்ஜொனீஸ்தி’ என்றே தனிப்பெயர் வந்துவிட்டது. 2006 டிசம்பரில் அவர்களின் எதிர்ப்பொலி எழுந்ததும் டெனர் பாடகர் ராபெர்த்தோ அலாஞா நிகழ்ச்சியின் நடுவிலேயே மேடையை விட்டு வெளியேறினார். ரசிப்பைக் குறிக்க ஒரே சொல் இத்தாலியருக்கு ஏன் போதவில்லை என்பது இதைப் பார்த்தால் புரியும்.

‘நாட் மை கப் ஆஃப் டீ’தான் இந்தக் கேள்வியின் கடினமான பகுதி. இதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘நோன் எ லா மியா தாட்சா தி தே’ என்று எழுதினால், ஆங்கிலம் அறிந்த இத்தாலியர் அது ஆங்கிலத்தின் நகல் என்று உடனே கண்டுகொள்வார். அறியாதவர் தேநீர்க் கோப்பையைத் தேடுவார். அதைவிடப் பெரிய சிக்கல், ஆங்கிலத் தொடர் பல பொருள்களைப் பொதிந்து வைத்திருப்பது. எனக்கு ஒத்துவராது, எனக்குத் திறமை போதாது, இப்போது மனமில்லை, எனக்கு அக்கறையே இல்லை, பிடிக்கவில்லை ஆனால் நயமாகச் சொல்கிறேன். ‘நாட் மை திங்’, ‘நாட் ஃபார் மீ’ போன்றவையும் இந்தப் பொருள்களின் மேல் அங்குமிங்கும் நகர்ந்துகொண்டே இருக்கும். இத்தாலியனில் இவை ஒவ்வொன்றுக்கும் தனித் தொடர் உண்டு. மொழிபெயர்ப்பதற்கு முன் நீங்கள் சொல்ல வருவது இவற்றுள் எது என்று முடிவுசெய்ய வேண்டும்.

ஒத்துவராது என்ற பொருளுக்கு ‘நோன் ஃபா பெர் மே’. பத்தில் எட்டு இடங்களில் இதுவே சரியான விடை என்பது என் கருத்து. கூட்டமான விருந்துகள், மலையேற்றம், பெருநகர வாழ்க்கை என எதற்கும் பொருந்தும், யாரையும் புண்படுத்தாது. பேசப்படுவது இசை, நூல், படம், உடை, மனிதர் போன்ற வகைப்படுத்தக்கூடிய ஒன்று என்றால் ‘நோன் எ இல் மீயோ ஜெனெரே’ (என் ரகம் இல்லை) என்றும் சொல்லலாம்.

‘நோன் எ இல் மீயோ ஃபோர்த்தே’ என்பதைப் பலர் இந்த இடத்தில் போட்டுவிடுகிறார்கள். அது திறமையைப் பற்றிய பேச்சு. கணிதம் என் ‘ஃபோர்த்தே’ இல்லை என்றால், கணிதம் எனக்குக் கைவரவில்லை என்று பொருள். பிடிக்குமா பிடிக்காதா என்பது அதில் இல்லை. கணிதத்தை மனமார நேசிப்பவரும் அப்படிச் சொல்லலாம். கைவந்த கலை, கைவராதது என்று தமிழில் சொல்லத் தோன்றும் இடத்தில் மட்டும் ‘ஃபோர்த்தே’யைப் பயன்படுத்துங்கள்.

மனமில்லை என்பது இந்த நேரத்துக்கு மட்டும் உரியது. ‘நோன் மி வா’ என்றால் இப்போது வேண்டாம் என்று தோன்றுகிறது. சினிமாவே உயிர் என்று இருப்பவரும் களைத்திருக்கும் ஒரு மாலையில் ‘நோன் மி வா தி அந்தாரே அல் சீனெமா’ என்பார். ‘மி பியாச்சே’ நிலையான விருப்பம், ‘மி வா’ அந்தக் கணத்தின் விருப்பம். இரண்டையும் மாற்றிச் சொன்னால், உங்களை அழைத்த நண்பர் இனி எப்போதும் அழைக்காமல் போகலாம்.

அக்கறையே இல்லை என்பதற்கு ‘நோன் மி ஃபா நே கால்தோ நே ஃப்ரெத்தோ’. எனக்குச் சூட்டையும் தருவதில்லை, குளிரையும் தருவதில்லை. ஆங்கிலத்தில் ‘ஐ கேன் டேக் இட் ஆர் லீவ் இட்’ என்று தோளைக் குலுக்கும் இடம் அது. ஒரு நூலோ ஓவியமோ உங்களோடு பேசவே இல்லை என்றால் ‘நோன் மி தீச்சே நியென்தே’, அது எனக்கு எதையும் சொல்லவில்லை. தொடர்கதையிலோ படத்திலோ மனம் ஒட்டவில்லை என்றால் ‘நோன் மி ப்ரெந்தே’, அது என்னைப் பற்றி இழுக்கவில்லை. இந்த மூன்றையும் கற்றுக்கொண்டாலே கலை பற்றிய பேச்சு பாதி வந்துவிடும்.

கடைசியாக நயம். ஒருவர் ஆசையோடு பரிந்துரைத்த படம் உங்களுக்குப் பிடிக்கவில்லை. ‘நோன் மி எ பியாச்சூத்தோ’ என்று நேராகச் சொல்வது இத்தாலியனில் குற்றமில்லை. ஆனாலும் பெரும்பாலோர் ‘நோன் மி ஃபா இம்பட்ஸீரே’ என்ற தொடரைத்தான் எடுப்பார்கள். சொற்பொருள், ‘அது என்னைப் பைத்தியமாக்கவில்லை’. உண்மைப் பொருள், ‘எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை’. ஆங்கிலேயர் தேநீரைச் சொல்லித் தணிக்கும் அதே கூர்மையை இத்தாலியர் இப்படித் தணிக்கிறார்கள். தொனியில் ‘கப் ஆஃப் டீ’க்கு மிக நெருங்கிய இணை எது என்று என்னைக் கேட்டால், இதைத்தான் சொல்வேன்.

இதன் எதிர்முனையான ‘ரைட் அப் மை ஸ்ட்ரீட்’டுக்கு (அமெரிக்கர் வழக்கில் ‘ஆலி’) எளிய விடை ‘ஃபா ப்ரோப்ரியோ பெர் மே’, எனக்கென்றே அமைந்தது. இன்னும் அழகானது ‘எ நெல்லே மீயே கோர்தே’, அது என் தந்திகளில் இருக்கிறது. இயல்பாகவே எனக்குள் ஒலிக்கக்கூடியது என்ற கருத்து. ஒரு நடிகருக்கு வாய்த்த பாத்திரம், ஒரு எழுத்தாளருக்குப் பொருந்திய நடை என்று கலை சார்ந்த பேச்சில் இது அடிக்கடி வரும். விருப்பமும் திறமையும் கலந்து நிற்கும் தொடர் என்பதால், வெறும் விருப்பத்துக்கு இதைப் போடாதீர்கள். அகராதிகள் இந்த இடத்தில் ‘பானே பெர் இ மியேய் தென்தி’ என்பதையும் தரும். என் பற்களுக்கேற்ற ரொட்டி என்று பொருள். அதில் சவால் இருக்கிறது. கடினமான புதிர், வலுவான எதிராளி என்றால் பொருந்தும். மாலையில் ஒரு மெல்லிசை நிகழ்ச்சிக்கு அழைத்தவரிடம் பற்களையும் ரொட்டியையும் பேச வேண்டியதில்லை. ‘ஃபா அல் காசோ மீயோ’ என்ற இன்னொரு தொடரும் அகப்படும். அது ‘என் தேவைக்கு ஏற்றது’ என்பது, வாடகைக்கு வீடு தேடும்போது சொல்ல வேண்டியது.

ஒன்றைக் கண்டால் மனம் இளகுவதைச் சொல்லும் ‘சாஃப்ட் ஸ்பாட்’ விஷயத்தில் நீங்கள் சிரமப்பட வேண்டாம். ‘ஓ உன் தேபொலே பெர்...’ அப்படியே பொருந்தும். ‘தேபொலே’ என்றால் பலவீனம். ‘கேன்ட் கெட் எனஃப்’ (எவ்வளவு கிடைத்தாலும் போதவில்லை) என்பதற்கு ‘நோன் நே ஓ மாய் அபஸ்தான்ட்ஸா’. ‘கில்டி பிளஷர்’ (சற்றே குற்ற உணர்வோடு ரசிப்பது) உணவு சார்ந்தது என்றால் ‘பெக்காத்தோ தி கோலா’, தொண்டையின் பாவம். கத்தோலிக்க மரபு ஏழு தலையாய பாவங்களில் ஒன்றாக எண்ணும் பெருந்தீனிக்கும் ‘கோலா’ என்றே பெயர். உணவு அல்லாத இடங்களில் இத்தாலியர் பலர் ஆங்கிலத் தொடரையே எடுத்துக்கொள்கிறார்கள்.

‘ஐம் எக்ஸைட்டட்’ மட்டும் உண்மையான ஆபத்து. ‘சோனோ எச்சித்தாத்தோ’ என்று ஒருபோதும் எழுதாதீர்கள். அதில் முதலில் தெரிவது பாலுணர்வுப் பொருள்தான். ஒரு நிகழ்ச்சிக்காக ஆவலோடு காத்திருப்பதைச் சொல்ல ‘நோன் வேதோ லோரா’. அந்த நேரம் இன்னும் கண்ணில் படவில்லையே என்ற தவிப்பு அது. மகிழ்ச்சியும் ஊக்கமுமாக இருப்பதைச் சொல்ல ‘சோனோ என்தூசியாஸ்தா’. ஆகாரத்தில் முடிந்தாலும் இந்தச் சொல் ஒருமையில் ஆண், பெண் இருவருக்கும் பொது.

மனிதரைக் குறிக்கும் பெயர்களில் பண்பாட்டின் முகம் தெரிகிறது. ஆங்கிலத்தின் புத்தகப் புழு இத்தாலியனில் எலியாகிவிடுகிறது: ‘தோப்போ தி பிப்லியோதேக்கா’, நூலக எலி. ஆனால் அது நூலகத்திலேயே அடைந்து கிடக்கும் படிப்பாளியைக் குறிப்பது; கதைகளை ஆசையாக வாசிப்பவருக்கு ‘லெத்தோரே அக்கனீத்தோ’ நல்லது, பெண்ணுக்கு ‘லெத்ரீச்சே அக்கனீத்தா’. ‘அக்கனீத்தோ’வின் உள்ளே நாயைக் குறிக்கும் ‘கானே’ ஒளிந்திருக்கிறது. கவ்வியதை விடாத பிடிவாதம். ‘ஃபூடி’ என்பதற்குச் சுவையறிந்தவர் என்ற பொருளில் ‘புவோங்குஸ்தாயோ’. ‘புவோனா ஃபோர்கெத்தா’ (நல்ல முள்கரண்டி) வேறு. அவர் வயிறாரச் சாப்பிடுபவர், நுட்பமாகச் சுவைப்பவராக இருக்க வேண்டியதில்லை. வீட்டை விட்டு நகர விரும்பாதவர் ‘பன்தொஃபொலாயோ’, வீட்டுச் செருப்பைக் கழற்றாதவர். கணினியையோ இயந்திரத்தையோ ஓயாமல் நோண்டும் ‘கீக்’ என்றால் ‘ஸ்மனெத்தோனே’. பள்ளிப் பாடத்திலேயே மூழ்கியவர் ‘செக்கியோனே’. அது கேலிச்சொல், தன்னைத் தானே சொல்லிக்கொள்ளலாம், பிறரைச் சொல்லும்போது யோசிக்க வேண்டும்.

‘ஐம் எ பீச் பெர்சன்’ போன்ற அமைப்புக்கு மிக எளிய வழி இருக்கிறது. ‘சோனோ பியூ தா மாரே கே தா மொன்தான்யா’, மலையைவிடக் கடலுக்குரிய ஆள் நான். இத்தாலியில் விடுமுறை பற்றிய பேச்சு எழுந்தால் கடலா மலையா என்ற கேள்வி தவறாமல் வரும். விடை தயாராக இருக்கட்டும்.

‘ஹாபி’ இத்தாலியனிலும் ஹாபிதான், முதல் எழுத்து ஒலிக்காமல் ‘ஓபி’ என்று. பன்மையிலும் சொல் மாறாது. கடன் எதிர்த்திசையிலும் போயிருக்கிறது. மகிழ்ச்சியைக் குறிக்கும் ‘திலெத்தோ’விலிருந்து வந்த ‘திலெத்தான்தே’, இன்பத்துக்காக ஒரு கலையில் ஈடுபடுபவரைக் குறித்தது. இத்தாலியைச் சுற்றிப் பார்த்துத் திரும்பிய ஆங்கிலப் பிரபுக்கள் 1734-இல் லண்டனில் ‘சொசைட்டி ஆஃப் டிலெட்டான்டி’ என்ற சங்கத்தையே தொடங்கினார்கள். இன்று இரு மொழிகளிலும் அந்தச் சொல்லில் அரைகுறை என்ற சாயல் ஏறிவிட்டது. ஆகவே ‘நான் கிட்டார் வாசிப்பது மகிழ்ச்சிக்காக மட்டும்’ என்று சொல்ல விரும்பினால் ‘திலெத்தான்தே’யை விட்டுவிட்டு ‘சுவோனோ பெர் பியாச்சேரே’ என்பதை எடுங்கள்.

பிறர் விருப்பத்தைப் பற்றிப் பேசும்போது, ஆளுக்கு ஆள் ரசனை வேறு என்பதை நாம் ‘லோகோ பின்ன ருசி’ என்று சமஸ்கிருதத்தில் சொல்லி முடிப்பதுபோல, இத்தாலியர் லத்தீனில் ‘தே குஸ்திபுஸ்’ என்று பாதியில் நிறுத்திவிடுவார்கள். ரசனையைப் பற்றி வாதிட இடமில்லை என்ற மீதி எல்லோருக்கும் தெரியும். இன்னும் கனிவாகச் சொல்ல ‘இல் மோந்தோ எ பெல்லோ பெர்கே எ வாரியோ’ (வேறுபாடுகள் இருப்பதால்தான் உலகம் அழகு). ‘வாட்டெவர் ஃப்லோட்ஸ் யுவர் போட்’ என்பதற்கு ‘கொன்தென்தோ தூ...’, உனக்கு மகிழ்ச்சி என்றால் சரி. இதில் ‘எனக்கென்னவோ ஐயம்தான்’ என்ற தொனி ஒட்டியிருக்கும்; நெருங்கியவரிடம் மட்டும் பயன்படுத்துங்கள்.

பயிலும்போது ஊருக்கு ஊர் மாறும் சொற்களும் காதில் விழும். இத்தாலியின் டஸ்கனிப் பகுதியில் ‘மி பியாச்சே’க்குப் பதிலாக ‘மி கார்பா’ என்பார்கள். புரிந்துகொண்டால் போதும், நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. நம் ‘நீங்கள்’ போன்ற மரியாதைக்குரிய ‘லேய்’ வடிவில் பேச வேண்டியவரிடம் ‘இன் ஃபிஸ்ஸா’, ‘உன் சாக்கோ’ இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். ‘நோன் ஃபா பெர் மே’, ‘அப்பஸ்ஸியொனாத்தோ’ இரண்டும் எங்கும் செல்லும்.

நண்பர்களுக்கான அறிமுகமாக இதை வைத்துக்கொள்ளலாம்: ‘நெல் தெம்போ லீபெரோ லெக்கோ தான்தோ எ சேகுவோ லா ஃபோர்முலா ஊனோ. தா உன் போ சோனோ இன் ஃபிஸ்ஸா கோன் லா ஃபோதோகிரஃபீயா. இல் ஜாஸ் மி பியாச்சே தா மொரீரே, லோபெரா இன்வேச்சே நோன் மி ஃபா இம்பட்ஸீரே. ஓ உன் தேபொலே பெர் இ காத்தி, எ சோனோ பியூ தா மாரே கே தா மொன்தான்யா.’ ஓய்வில் நிறைய வாசிப்பேன், ஃபார்முலா ஒன் பந்தயங்களை விடாமல் பார்ப்பேன். சில காலமாகப் புகைப்படக் கலையே கதி. ஜாஸ் என்றால் உயிர், ஆபரா அவ்வளவாக ஈர்ப்பதில்லை. பூனைகளைக் கண்டால் மனம் இளகிவிடும். மலையைவிடக் கடல்தான் எனக்கு. இதில் ஆண், பெண் என்று மாறும் சொல் எதுவும் இல்லை, ஆகவே யாரும் அப்படியே எழுதலாம். ‘இன் ஃபிஸ்ஸா’ உங்கள் வயதுக்கு ஒட்டாது என்று தோன்றினால், அந்த வாக்கியத்தை மட்டும் ‘மி அப்பஸ்ஸியோனா லா ஃபோதோகிரஃபீயா’ என்று மாற்றிக்கொள்ளுங்கள்.